தப்பு போடற பொண்ணு

இலவசம் என்றால் எல்லோருக்கும் பிடிக்கும். எனக்கும் பிடிக்கும். ஐந்து வருஷம் நான் இலவசமாகப் பாடம் நடத்தினேன், யாரிடமும் ஒரு பைசா வாங்கியதில்லை. அந்தப் பெருமையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியதில் பெற்ற பெண்ணை என்ன செய்தேன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். படித்துவிட்டு என்னைத் திட்ட நினைக்கிறவர்கள் தாராளமாகத் திட்டலாம். நான் ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டேன்.

என் பெயர் தேவயானி. பிறந்தது ஆந்திராவில் நகரிக்குப் பக்கத்தில் கரும்பு போடுகிற ஒரு தமிழ்க் குடும்பம். கணக்கில் பி.எஸ்சி., அதற்கு மேல் பி.எட். அரசாங்க டீச்சர் வேலைக்கான டி.எஸ்.சி. பரீட்சையை இரண்டு தடவை எழுதி, இரண்டு தடவையும் கோட்டை விட்டேன். கல்யாணமாகித் திருச்சானூருக்கு வந்தேன். வீட்டுக்காரர் ஹேமநாத் கோயில் தெருவுக்குப் பின்னால் ஒரு லாட்ஜில் மேனேஜர். எங்களுக்கு ஒரே பெண், நந்திதா.

ஊரடங்கில் பள்ளிக்கூடங்களை மூடியபோது அவள் நாலாவது படித்துக்கொண்டிருந்தாள். இங்கிலீஷ் மீடியம். பின்னத்தில் கீழே இருக்கிற எண்ணுக்கு இங்கிலீஷில் என்ன பெயர் என்று கேட்டால் கடகடவென்று ஒப்பிப்பாள். அது எதற்குக் கீழே இருக்கிறது என்று கேட்டால் முழிப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நம் பாஷையில் சொன்னால் ஐந்து நிமிஷத்தில் புரிகிற விஷயத்துக்கு இவ்வளவு பாடா என்று, பள்ளிக்கூடம் திறந்த பிறகும் நான் அவளை அனுப்பவில்லை. வீட்டிலேயே சொல்லிக் கொடுக்கிறேன் என்றேன். ஹேமநாத் ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டார்.

"நீ டீச்சர் ஆவலன்ற கோவத்துக்கு அவள இன்னாத்துக்கு வூட்ல குந்த வெக்கிற?"

அவரோடு நான்கு நாள் பேசாமல் இருந்தேன். உண்மையைச் சொன்னால் கோபம் வரத்தானே செய்யும்.

வீட்டில் வைத்துச் சொல்லிக் கொடுக்கிறவர்களுக்கு இணையத்தில் கொட்டிக் கிடக்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டுப் பாடப்புத்தகம் ஒன்றாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை சும்மா இறக்கிக்கொள்ளலாம். விஞ்ஞானச் சோதனைகளைத் தொட்டுத் தொட்டு விளையாடிப் பார்க்கிற தளங்கள் இருக்கின்றன. ஆனால் எங்கள் மாதிரி ஜனங்களுக்கு ஒரு தலைவலி. புத்தகம் அந்தப் பக்கத்துடையது, பிள்ளை எழுதவேண்டிய பரீட்சை இந்தப் பக்கத்துடையது. இங்கே ஆறாவதில் வருகிற பாடம் அங்கே ஏழாவதில் இரண்டாம் பருவத்தில் ஒளிந்திருக்கும். நான் உட்கார்ந்து எதற்கு எது என்று பொருத்தி, தினமும் காலையில் ஒரு வாட்ஸ்அப் குழுவில் போட ஆரம்பித்தேன். 'வீட்டுப் பள்ளிக்கூடம்' என்று பெயர். ராமகுப்பத்தில் பட்டுப்புழு வளர்க்கிற ஒரு குடும்பம், நாயுடுபேட்டையில் ஃபேக்டரி வேலைக்குப் போகிற ரோஹிணி, சத்தியவேடு, புத்தூர் என்று ஒவ்வொருவராகச் சேர்ந்து இருநூறு குடும்பத்துக்கு மேல் ஆகிவிட்டது. எல்லோரும் என்னை 'டீச்சர் அக்கா' என்றார்கள். டி.எஸ்.சி. தராத பட்டத்தை வாட்ஸ்அப் தந்தது.

சுட்டி அனுப்பினால் மட்டும் போதுமா, நாமே பாடம் எடுத்து வீடியோ போடலாமே என்று அடுத்து தோன்றியது. போனைப் பருப்பு டப்பாவில் சாய்த்து வைத்து, சுவரில் ஒரு பலகையை மாட்டி, சொல்லிக் கொடுத்தேன். இணையத்தில் ஒரு சேனல் திறந்து பன்னிரண்டு வீடியோ போட்டேன். நாற்பது பேர் பார்த்தார்கள். அதில் பத்துப் பேர் என் சொந்தக்காரர்கள்.

பதின்மூன்றாவது வீடியோவில் பக்கத்தில் நந்திதாவை உட்கார வைத்தேன். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டு என்றேன். மேலே இருக்கிறதை மேலே இருக்கிறதோடு கூட்டி, கீழே இருக்கிறதைக் கீழே இருக்கிறதோடு கூட்டி, ஐந்தில் இரண்டு என்று எழுதிவிட்டு, என்னமோ சாதித்தவள் மாதிரி கேமராவைப் பார்த்தாள். நான் சிரித்துவிட்டு, "பாப்பா, இன்னொரு தடவ பாரு" என்றேன். நெற்றியைச் சொறிந்தாள். பிறகு சரியாகப் போட்டாள். அவ்வளவுதான். அந்த வீடியோவை ஒன்பதாயிரம் பேர் பார்த்தார்கள்.

'எங்க வூட்டு வாண்டும் இப்டியேதான் போடுது', 'இந்தப் பாப்பா செஞ்ச தப்ப பாத்தப்புறம்தான் எங்க பையனுக்குப் புரிஞ்சுது' என்று குழு முழுக்க வந்து விழுந்தது. எனக்கும் அது நியாயமாகப் பட்டது. சரியாகச் செய்கிறவளைப் பார்த்து ஒரு பிள்ளை என்ன கற்றுக்கொள்ளும்? தன்னைப் போலவே தடுமாறுகிறவள் ஒருத்தி இருந்தால்தானே தைரியம் வரும்? இது என் சொந்தக் கண்டுபிடிப்பு என்று நினைத்துக்கொண்டேன். பி.எட். படித்தவள் இல்லையா.

அதிலிருந்து அதுவே எங்கள் முறை ஆயிற்று. பாடத்தை முதலில் அவளுக்குச் சொல்லிக் கொடுப்பேன். ஐந்து நிமிஷத்தில் பிடித்துக்கொள்வாள், அப்படி ஒரு மூளை. பிறகு இந்தக் கணக்கில் பிள்ளைகள் சாதாரணமாக எங்கே தடுக்கி விழுவார்கள் என்று இருவரும் யோசிப்போம். அந்தத் தப்பை அவள் செய்வாள். கன்னத்தில் விரல் வைப்பாள், நெற்றியைச் சொறிவாள், ரொம்ப நம்பிக்கையோடு தப்பாகச் சொல்லுவாள். நான் 'இன்னொரு தடவ பாரு' என்பேன். உடனே சரியாகப் போடுவாள். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அது விளையாட்டாக இருந்தது.

பதினொரு வயதில் ஒருநாள் கேட்டாள்.

"அம்மா, இன்னைக்கு ஒண்ணு மட்டும் நானே மொதல்லேந்து சரியா போட்டுக் காட்டட்டுமா?"

"உனுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும்டி. ராமகுப்பத்துல ஒரு பொண்ணுக்குத் தெரியாதில்ல? அவளுக்காகத்தான நீ தப்பு போடற?"

முகம் வாடியதைப் பார்த்து, சரி போனால் போகிறதென்று ஒன்று எடுத்தேன். ஒன்றிலிருந்து நூறு வரை கூட்டுகிற கணக்கு. முதலையும் கடைசியையும் ஜோடி சேர்த்து, தானே யோசித்துப் போட்டாள். நான் சொல்லித் தரவில்லை. அறுபத்தொரு பேர் பார்த்தார்கள். ஒரு புண்ணியவான், 'இன்னைக்கு பாப்பா தப்பே போடல, போர் அடிக்குது' என்று எழுதியிருந்தான். நந்திதா அதைப் படித்தாள். அதற்கப்புறம் அவள் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அவளாகக் கண்டுபிடித்த கணக்கை விட அவன் எழுதிய ஒரு வரி எனக்குப் பெரிதாகப் போயிற்று.

இதைவிட வெட்கக்கேடு ஒன்று இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

திருப்பதி பஸ் ஸ்டாண்டிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்துகொண்டிருந்தோம். எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள் நந்திதாவையே உற்றுப் பார்த்துக்கொண்டு வந்தாள். புத்தூர்ப் பக்கத்துக்காரி போலிருக்கிறது. திடீரென்று இவள் கன்னத்தைக் கிள்ளினாள்.

"நீ அந்தத் தப்பு போடற பொண்ணுதான? எம் பேரப்புள்ள சோறு துன்றப்போகூட உன்னத்தான் பாத்துக்கினு இருப்பான். ஏழெட்டு எவ்ளோ, சொல்லு பாக்கலாம்!"

நந்திதாவுக்கு அப்போது பதின்மூன்று வயது. ஏழெட்டு அவளுக்குத் தெரியாதா? கன்னத்தில் விரலை வைத்தாள். "ஐம்பத்தி நாலு" என்றாள். ஆட்டோவே சிரித்தது. டிரைவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். நான் அவர்கள் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன். பெற்றவள் அன்றைக்கே விழித்துக்கொண்டிருக்க வேண்டும். எனக்கு மனசு குளிர்ந்தது. நம்மை ஜனங்களுக்குத் தெரிந்திருக்கிறதே என்று.

போன வருஷக் கடைசியில் ஹேமநாத் கறாராகச் சொல்லிவிட்டார். பத்தாவது பரீட்சை எழுதவேண்டுமானால் ஒன்பதாவதிலாவது ஒரு பள்ளிக்கூடத்தில் பெயர் இருக்கட்டும், அப்புறம் அங்கே இங்கே அலைய முடியாது என்று. எனக்கும் அது சரி என்றே பட்டது. சித்தூர் போகிற வழியில் ஒரு டிரஸ்ட் நடத்துகிற பெண்கள் பள்ளி இருக்கிறது. தங்கிப் படிக்கலாம். ஒன்பதாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை எல்லாம் அவர்கள் செலவு. வீட்டில் இருந்தே படித்த பெண்களுக்கு என்று ஒரே ஒரு இடத்தை ஒதுக்கியிருந்தார்கள். எழுத்துப் பரீட்சை கிடையாது, நேரில் கூப்பிட்டுக் கேள்வி கேட்பார்கள். அறிவிப்பைப் பார்த்தவுடன் வழக்கம் போலக் குழுவில் போட்டேன். நல்லது எதுவானாலும் நாலு பேருக்குச் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராதே!

நந்திதாவைக் கூட்டிக்கொண்டு போய் ஒருநாள் அந்தப் பள்ளிக்கூடத்தைக் காட்டினேன். லேப் கதவு திறந்திருந்தது. அவள் வாசலிலேயே நின்று எண்ணினாள்.

"அம்மா, மைக்ராஸ்கோப் ஒண்ணு இல்ல, பன்னெண்டு கீது!"

இதுநாள் வரை அவள் மைக்ராஸ்கோப்பைப் போன் திரையில்தான் பார்த்திருந்தாள். திரையைத் தேய்த்தால் வெங்காயத் தோல் பெரிதாகும், அவ்வளவுதான். அன்றைக்கு பஸ்ஸில் வரும்போது வழியெல்லாம் அந்தப் பள்ளிக்கூடப் பேச்சுதான். எந்தக் கட்டில் எடுத்துக்கொள்வாள், எனக்கு எந்தக் கிழமையில் போன் செய்வாள் என்று பேசிக்கொண்டே வந்தாள். அவள் எதையும் அப்படி ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை. அவளுக்கு அந்த இடம் கிடைக்காது என்று எனக்கு ஒரு நொடிகூடத் தோன்றவில்லை. பத்தாம் வகுப்புக் கணக்கையே அவள் முடித்துவிட்டிருந்தாள்.

நேர்காணல் ஏப்ரலில். பெற்றோரும் உள்ளே வரலாம், ஆனால் சுவர் ஓரம் பெஞ்சில் உட்கார வேண்டும், வாய் திறக்கக் கூடாது என்றார்கள். மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் டிரஸ்ட் தலைவர், வயதானவர். ஒரு பக்கம் ஹெட்மிஸ்ட்ரஸ். இன்னொரு பக்கம் கணக்கு வாத்தியார் சிரஞ்சீவி, முப்பது வயதுக்குள் இருக்கும். நந்திதா உள்ளே நுழைந்ததுமே அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"ஓ, மன வீடியோ பாப்பா காதா!" நம்ம வீடியோ பாப்பா இல்லையா என்று தெலுங்கில் சொல்லி, மற்ற இருவரிடமும் விளக்கினார். நம் நகரிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இவள் ரொம்பப் பிரபலம், நானே என் வகுப்பில் போட்டுக் காட்டியிருக்கிறேன் என்றார். மூவரும் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். நல்ல சகுனம் என்று நான் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

நந்திதாவுக்காகத் தமிழிலேயே கேட்டார். அவருக்கும் தமிழ் வந்தது.

"ஒரு புடவை வெலய பத்து பர்சன்ட் ஏத்தறாங்க. அப்புறம் அந்த வெலைலேந்து பத்து பர்சன்ட் கொறைக்கறாங்க. இப்ப வெல எப்டி இருக்கும்?"

எனக்கு உள்ளுக்குள் குதியாட்டம். இதை நாங்கள் வீடியோவே போட்டிருக்கிறோம். ஏற்றுவது நூறுக்குப் பத்து, குறைப்பது நூற்றுப்பத்துக்குப் பதினொன்று, ஆகவே பழைய விலையைவிட ஒரு ரூபாய் கம்மி. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால்கூடச் சொல்லுவாள்.

நந்திதா கன்னத்தில் விரலை வைத்தாள்.

"பத்து ஏத்தி பத்து கொறைச்சா, அதே வெலதான் சார்."

மூன்று பேரும் சிரித்தார்கள். கேலியாக இல்லை, பிரியமாகத்தான். நந்திதா மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

எதற்குப் பார்க்கிறாள் என்று எனக்கு அந்தக் கணமே தெரிந்துவிட்டது. நான் சொல்ல வேண்டிய வரிக்காகக் காத்திருக்கிறாள். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. வாய் திறக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். திறந்தால் சீட்டு போய்விடுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தச் சட்டத்தை நான் மீறியிருக்க வேண்டும். வேறு எதற்கெல்லாமோ வாய் நீளுகிறது எனக்கு.

சிரஞ்சீவி அடுத்த கேள்விக்குப் போனார். ஒரு சதுரத்தின் பக்கத்தை இரண்டு மடங்கு ஆக்கினால் பரப்பு எத்தனை மடங்கு ஆகும்? "ரெண்டு மடங்கு" என்றாள். மறுபடியும் என்னைப் பார்த்தாள். இந்தத் தடவை அவர்கள் சிரிக்கவில்லை. ஹெட்மிஸ்ட்ரஸ் ஏதோ குறித்துக்கொண்டார். மூன்றாவது கேள்வி என்ன என்று எனக்கு நினைவில்லை. நந்திதா மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, "தெரியாது சார்" என்றது மட்டும் நினைவிருக்கிறது.

பெரியவர் கனிவாக, "பயப்படாதம்மா, போய்ட்டு வா" என்றார். எல்லாம் ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

திருப்பதி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"ஏன்டி, தெரிஞ்ச கணக்குதான? வாய்ல இன்னா கொழுக்கட்டையா வச்சிருந்த?"

"நீ சொல்லுவேன்னு பாத்துக்கினு இருந்தேன்மா."

"பரீட்சையில நான் எப்டிடி சொல்லுவேன்?"

"அவங்க சிரிச்சாங்கம்மா. சிரிச்சா சரியா போய்க்கினு கீதுன்னுதான அர்த்தம்?"

சந்திரகிரி தாண்டுகிற வரைக்கும் ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் சிரஞ்சீவி சாருக்குப் போன் செய்தேன். சார், அவளுக்கு எல்லாம் தெரியும், வீடியோ பழக்கத்தில் முதலில் தப்பாகச் சொல்லிவிட்டாள், இன்னும் ஒரே ஒரு தடவை கூப்பிட்டுப் பாருங்கள் என்று கெஞ்சினேன்.

"பழக்கம்னா? வீடியோவுல செய்யறதெல்லாம் நடிப்பாம்மா?"

"ஆமாங்க சார். நான்தான் சொல்லித் தருவேன், இப்படி தப்பு பண்ணுன்னு."



"மேடம், எங்க பசங்க அந்தப் பொண்ணு நெஜமா கத்துக்கறான்னு நம்பித்தான் பாக்கறாங்க. நானும் அப்டித்தான் நம்பினேன். இப்ப சீட்டுக்காக நடிப்புன்னு சொல்றீங்க. நாளைக்கு வேற சொல்லுவீங்க. நான் எத நம்பறது?"

தப்பாக ஒன்றும் அவர் பேசிவிடவில்லை. அதுதான் எனக்கு வலித்தது. போனை வைத்துவிட்டு, நேர்காணலில் நடந்ததையும் சேர்த்துக் குழுவில் உண்மையை எழுதினேன். நந்திதாவுக்கு எல்லாப் பாடமும் முதலிலேயே தெரியும், இத்தனை வருஷமும் நான் சொல்லித்தான் அவள் தெரியாதவள் மாதிரி உட்கார்ந்தாள், அவள் செய்த ஒவ்வொரு தப்பும் என் தப்பு என்று நீளமாக எழுதிப் போட்டேன். கல்லெறிவார்கள் என்று தயாராகவே இருந்தேன்.

ஒருவரும் நம்பவில்லை. கும்பிடுகிற கையும் பூவும் நிறைய வந்தன. ராமகுப்பத்துக்காரர் குரலில் பதில் அனுப்பினார்: "வுடு டீச்சர் அக்கா, சீட்டு கெடைக்கலன்னா இன்னா இப்போ? எல்லாருக்கும் எல்லாம் வருமா? பாப்பாவ திட்டாத." சத்தியவேட்டு அம்மாள் ஒருத்தி, தன் தங்கச்சி பெண்ணுக்கும் படிப்பு ஏறவில்லை என்றும், இப்போது தையல் வேலையில் நன்றாக இருக்கிறாள் என்றும் ஆறுதல் சொன்னாள். அதற்குக் கீழேயே இன்னொருவர், நாளைக்குப் பாடம் உண்டா என்று கேட்டிருந்தார்.

ஒரு வாரம் கழித்து ரோஹிணியிடமிருந்து குரல் செய்தி. நாயுடுபேட்டை ரோஹிணி. அவள் மகள் ரூபாவை நான் நேரில் பார்த்ததில்லை, நந்திதா வயதுதான். நந்திதா பக்கத்தில் இருக்கும்போதே தெரியாமல் அமுக்கிவிட்டேன்.

"அக்கா, ரூபாக்கு சீட்டு கெடைச்சிடுச்சுக்கா! நீ குரூப்ல போட்டத பாத்துத்தான் அப்ளை பண்ணேன். எல்லாம் நீ சொல்லிக் குடுத்ததுதான். அந்தப் பொடவ கணக்கயே கேட்டாங்களாம். பத்து ஏத்தி பத்து கொறைச்சா அதே வெலன்னு ஒங்க பாப்பா சொல்லி மாட்டிக்குமே, அது ஞாபகம் வந்துடுச்சாம். இல்லன்னா நானும் அப்டியேதாம்மா சொல்லியிருப்பேன்னு சொல்றா. ஒங்க பொண்ணு தப்பு போட்டுப் போட்டே எங்க பொண்ண கரை ஏத்திடுச்சுக்கா. அது நல்லா இருக்கணும்."

அவள் வாழ்த்தியது மனசாரத்தான். ஃபேக்டரியில் நின்றபடியே வேலை செய்துவிட்டு வந்து, என் பாடத்தைத் தானும் கற்றுக்கொண்டு மகளுக்குச் சொல்லிக் கொடுத்தவள். ரூபாவுக்குக் கிடைத்தது தப்பே இல்லை. ஆனாலும் அந்தக் குரலைக் கேட்டபோது எனக்கு அடிவயிறு எரிந்தது. அவளைச் சபித்தேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இலவசமாகக் கொடுத்தவளின் மனசு அவ்வளவுதான்.

நந்திதாவுக்கு முன்னாலேயே சேனலைத் திறந்து எல்லாவற்றையும் அழிக்கப் போனேன்.

"அழிக்காதம்மா."

"இனிமே இன்னாத்துக்குடி இந்தக் கருமம்?"

"அவங்களுக்கெல்லாம் ஒதவுதில்ல? நீதான சொல்லுவ." கொஞ்சம் நிறுத்தி, "அதுவும் இல்லாம, அத அழிச்சா மட்டும் எல்லாரும் என்ன மறந்துடுவாங்களா?" என்றாள்.

"ஒனக்கு எல்லாம் தெரியும் நந்து. அத நீ மறந்துடாத."

"தெரியும்தான். ஆனா நீ பக்கத்துல இருந்தா மொதல்ல தப்புதாம்மா வாய்ல வருது. அது நடிப்பா, நெஜமான்னு எனக்கே இப்பல்லாம் தெரியல."

பதினாலு வயசுப் பெண் இதை அழாமல் சொன்னாள். நான்தான் அழுதேன். அவள் எழுந்து போய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். லாட்ஜிலிருந்து சாப்பிட வந்த ஹேமநாத் இரண்டு பேரையும் பார்த்தார். என்னைக் குத்திக் காட்ட அவருக்கு அதைவிட நல்ல சமயம் வாய்க்காது. ஒன்றும் சொல்லாமல் தட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அது எனக்கு இன்னும் அவமானமாக இருந்தது.

ஜூனில் எங்கள் ஏரியா கவர்மென்ட் ஹைஸ்கூலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஹெட்மிஸ்ட்ரஸ் தாட்சாயணி மேடம், நாலு வருஷமாக எந்தப் பள்ளிக்கூடத்திலும் பெயர் இல்லாத பெண் என்று கேட்டதும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். வயசுக்கு ஒன்பதாவதில்தான் போடவேண்டும், ஆனால் எந்த அளவில் இருக்கிறாள் என்று நான் நாலு கேள்வி கேட்டுப் பார்க்கிறேன் என்றார். நல்லவேளை, அவருக்கு எங்கள் வீடியோ எதுவும் தெரியாது. என்னையும் ஒரு நாற்காலியில் உட்காரச் சொன்னார்.

நான் உட்காரப் போனேன்.

"அம்மா, நீ வெளிய இரு" என்றாள் நந்திதா.

"இல்லடி, நான் சும்மா இங்க ஓரமா..."

"வெளிய இரும்மா. ஜன்னலாண்டகூட நிக்காத."

மேடத்துக்கு எதிரில் வைத்தே சொன்னாள். கோபமில்லை, கெஞ்சலும் இல்லை. நான் வெளியே வந்தேன். ஆனால் ஜன்னல் பக்கம் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றேன். அந்த ஒரு பேச்சையாவது கேட்டிருக்கலாம், கேட்கவில்லை.

உள்ளே மேடம் தெலுங்கில் கேட்டார். ஒரு குழாய் மூன்று மணி நேரத்தில் தொட்டியை நிரப்பும், இன்னொன்று ஆறு மணி நேரத்தில் நிரப்பும், இரண்டையும் சேர்த்துத் திறந்துவிட்டால்? கேள்வி முடிவதற்குள் "ரெண்டு மணி நேரம்" என்று பதில் வந்தது. எப்படி என்றார். தடங்கல் இல்லாமல் சொன்னாள். அடுத்தது கேட்டார். அடுத்ததும் சரி. இங்கிலீஷில் ஒரு பக்கத்தைப் படிக்கச் சொன்னார், படித்து அர்த்தமும் சொன்னாள். வெங்காயத் தோலில் என்ன தெரியும் என்று கேட்டார், அதற்கு ஒரு பத்து நிமிஷம் பேசினாள். ஒவ்வொன்றும் முதல் தடவையிலேயே சரியாக வந்தது. என் பெண் இப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. கேட்க விட்டதே இல்லை என்று சொல்லவேண்டும்.

மேடம் வியந்துபோய், "இதெல்லாம் உனக்கு யாரம்மா சொல்லிக் கொடுத்தது? அம்மாவா?" என்று கேட்டார்.

நான் ஜன்னலை இன்னும் நெருங்கினேன்.

"இல்ல மேடம்" என்றாள் நந்திதா, தெளிவான தெலுங்கில். "ஆன்லைன்ல எல்லாம் ஃப்ரீயா கிடைக்குது. அதப் பாத்து நானே கத்துக்கிட்டேன்."

மேடம் அவளை ரொம்பப் பாராட்டினார். நான் சத்தம் வராமல் வராந்தாவை விட்டு இறங்கி, வாசல் கேட் பக்கம் போய் நின்றுகொண்டேன்.